மூன்றாவது வரிசையில் ஒரு கை

சியால்டா ஸ்டேஷனில் ஒரு விளம்பரப் பலகை. வடக்கே மலையில் அணை கட்டும் கம்பெனி வைத்தது. 'ஊர் மக்களின் சம்மதத்தோடு' என்ற வரிக்கு மேலே, படத்தில் எல்லோரும் கை தூக்கியிருக்கிறார்கள்.

நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு, பையோடு ஒருவர் நெருங்கி வருகிறார். இந்த ஊர் ஜாதவ்பூர்க்காரர், நம் பக்கம் சில வருடம் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர்; இப்போது அந்த அணையில் வெல்டர்.

"மூணாவது வரிசையில நான்தான் சார். உக்காந்திருக்கிறது பூரா லேபர். ஹெல்மெட்டக் கழட்டிட்டு உக்காரச் சொன்னாங்க. ஷெட்ல குடிதண்ணி வரலன்னு சொல்லத்தான் கை தூக்கினேன். போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கம்பெனிக்கு என்ன நெஞ்சழுத்தம்!

"அப்போ ஊர்க்காரங்க?"

"கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. அணை வேண்டாம்னு அவங்களும் கை தூக்கித்தான் கத்தினாங்க. அந்தப் பக்கம் கேமரா திரும்பவே இல்ல."