குதிரையைக் காதலித்த வீராங்கனை

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை.

இன்று திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். முன் சீட்டு அம்மா தன் மகளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“எண்பத்தஞ்சுல எங்க தெருவுல ஒரு கையெழுத்துப் பத்திரிகை சுத்தும்டி. அதுல கவசம் போட்ட வீராங்கனை ஒருத்தி, சாபத்தால குதிரையாயிட்ட மந்திரவாதிய லவ் பண்ணிக்கினு இருந்தா.”

“குதிரையவாம்மா? அப்புறம்?”

“எழுதினவன் பாதியில நிறுத்திட்டான், பேஜாரு புடிச்சவன்!”

அந்த மகா காவியத்தை எழுதிய பேஜாரு அடியேன்தான். என் நெஞ்சு அடித்த அடியில் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைப் பறந்தே தாண்டியது. அம்மா தொடர்ந்தார்.

“வாசகருங்க எழுதறதுக்குன்னு காலியா விட்டிருந்த கடைசிப் பக்கத்துல, குதிரைக்கு எப்ப விமோசனம்னு மாசாமாசம் எழுதுவேன். ஒரு மாசம் அம்மை போட்டு எழுத முடியல. அதோட கதையே வரல.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இருபது மாதம் கதையை இழுத்தேன். வரி வராத மாதம் பேனாவை மூடிவிட்டேன்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் அம்மாவும் இல்லை, மகளும் இல்லை. அம்மை போட்டது நானாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். குதிரைக்கு விமோசனம் கேட்டு மாதாமாதம் எழுதிய முகம் தெரியாத வாசகி ஒருவர் இருந்ததும், அந்த மாதம் கடைசிப் பக்கத்தில் அவர் வரி இல்லாமல் போனதும் மட்டும் நிஜம்.

ஏன் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.