பதினேழாவது குலவை

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மாடிக்குப் பதினான்கு படிகள். ஒன்பதாவது படியில் நின்றால்தான் செல்போன் சரியாகக் கேட்கும். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று பேரனிடம் பேசியதிலிருந்து மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை. அமெரிக்காவில் ஏதோ வங்கி விழுந்ததாம். அதற்குச் சென்னையில் இவன் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். இவனுக்குக் கீழே பதினொரு பேர். "அடுத்த மாசம் என்ன ஆகும்னு கேக்குறாங்க தாத்தா. தெரியாதுன்னு சொன்னா மதிப்பாங்களா?" என்றான். நான் யாருக்கும் தலைமை தாங்கியதில்லை. ஆனால், தெரியாது என்று சொன்ன ஒருத்தியோடு மலையிறங்கியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் அக்காதான் எங்கள் ஊர்ப் பெண்களைத் திரட்டி மலைக்கு ஏலக்காய் எடுக்கக் கூட்டிப் போவாள். அந்த வருஷம் என் அம்மாவோடு சேர்த்துப் பதினாறு பேர், பதினேழாவது அத்தை. நான் கணக்கில் இல்லை. வீடு வீடாகப் போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லி அழைத்து வந்தவள் அத்தை. ஒருத்தி குறைந்தாலும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவளும் அவள்தான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கம்பம்மெட்டுப் பாதையில் இறங்கினோம். அடைமழையில் மண் சரிந்து, பாதி வழியில் பாதையையே காணவில்லை. திகைத்து நின்ற நேரம் பார்த்து மூடுபனியும் ஏறி வந்தது. அம்மாவின் முந்தானை என் கையில் இருந்தது, அம்மாவைக் காணவில்லை. யானை நடமாடும் காடு வேறு.

"எந்தப் பக்கம் மதினி?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். "நீங்களே இப்பிடிச் சொன்னீகன்னா நாங்க எங்கன போறது?"

"கீழதான். மேல போறதுக்குத்தானடி வழி கேக்கணும்?" என்ற அத்தை, அம்மா பக்கம் திரும்பினாள். "நான் குறட்டை விடுறேன்னு ஒரு மாசமா ஊரைக் கூட்டுனியே, அந்தக் காதை வச்சு ஓடைச் சத்தம் எங்கன கேக்குதுன்னு சொல்லு."

அம்மா சிரித்துவிட்டுக் காதைத் தீட்டினாள். இடது பக்கம் என்றாள். விறகு வெட்டிப் பழகிய ஒருத்தி வழுக்குப் பாறையைக் கம்பால் தட்டிப் பார்த்தபடி முன்னால் போனாள். அத்தை கடைசிக்குப் போய்விட்டாள். முன்னாலிருந்து பின்னால் வரை ஒருத்தி மாற்றி ஒருத்தி குலவை போட வேண்டும், ஒரு குலவை நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அழுத பெண்ணை இரண்டாவது ஆளாக நிறுத்தினாள். "அழுற தொண்டையக் குலவைக்குக் குடுடி."

முதல் சுற்று ஈனஸ்வரத்தில் வந்தது. "இது குலவையா, பூனை கத்துதா?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான், போட்டி பிடித்துக்கொண்டது. ஏழாவது சுற்றில் அந்தப் புதுப்பெண் மூச்சு விடாமல் இழுக்க, "போதும்டி, ஒன் மாப்பிள்ளைக்குக் கேட்டுருச்சு!" என்றாள் பின்னால் வந்தவள். வழுக்கி உட்கார்ந்தவர்கள்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே குலவை போட்டார்கள். மொத்தம் இருபத்து மூன்று சுற்று.

அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் நான்கு பேர் அண்ணாந்து நின்றிருந்தார்கள். "மலையிலிருந்து கல்யாணம் இறங்குதுன்னுல்ல நெனச்சோம்!"

"ஆமா, இவருதான் மாப்பிள்ளை" என்று என்னைத் தள்ளிவிட்டாள் புதுப்பெண்.

அந்தக் கோபத்தில் என் கணக்கை வெளியே விட்டேன். "சுத்துக்குப் பதினாறு குலவைதான் வந்துச்சு. அத்தை ஒண்ணுகூடப் போடல!"

எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்காலில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. பதினொரு கை அள்ளிக் குடித்தாள்.

"வாயில எச்சி இல்லடா" என்றாள்.

பிறகு எழுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி முகத்தையும் பார்த்த பிறகு குலவை போட்டாள். ஆடுகள் மிரண்டு ஓடின, அத்தனை நீளம்.

இறங்கி முடித்த பிறகு குலவை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம், இலைக்கு இலை தண்ணீர் சொட்டிய மலையில் அத்தைக்கு மட்டும் வாய் எப்படிக் காய்ந்தது என்பது. ஊர் வரும்வரை யோசித்து, அவளுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

இப்போது கூட்டிப் பார்க்கிறேன். அத்தைக்கு அன்று முப்பத்திரண்டு வயது.