திண்டிவனத்தின் குரல்

திண்டிவனம் என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்கு ஊர் நினைவுக்கு வரும். எனக்கு என் இடது காது நினைவுக்கு வரும். அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தேன். தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனின் கறுப்பு வட்டம் இடது காதை அழுத்தி, மதியத்துக்குள் மடல் சிவந்துவிடும். காலை எட்டு மணிக்கு அதற்குள்ளிருந்து வரும் முதல் குரல் திண்டிவனத்தினுடையது. "விழுப்புரம், வந்துட்டீங்களா?" என்பார். லைனில் பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். ஊர்தான் பெயர். இரண்டு வருஷம் நான் அவருக்கு விழுப்புரம், அவர் எனக்குத் திண்டிவனம். முகத்தைப் பார்த்ததில்லை.

அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. டிரங்க் கால் கேட்டவர் லைனுக்கு வரும்வரை கிடைக்கிற அரை நிமிஷம்தான் எங்களுடையது. அங்கே மழையா, மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) மண்டிக்காரர் இன்றைக்கும் கத்தினாரா, சாப்பிட்டாச்சா. அந்த அரை நிமிஷங்களை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவேன். லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்காமல் போனது அவரால்தான்.

அந்தப் பங்குனியில், இரண்டு ஊர் எக்ஸ்சேஞ்சுக்காரர்களும் சேர்ந்து மரக்காணத்து உப்பங்கழியில் தோணியில் போய்விட்டு வரலாம் என்று எங்கள் சூப்பர்வைசர் அம்மா ஏற்பாடு செய்தார். அதே வாரம் வானூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "லெட்டர் போடணும்மா, உன் மனசுல இன்னாதான் இருக்குது?" என்று அப்பா கேட்டார். மகளைக் கேட்கிற அப்பாக்கள் அப்போது குறைவு. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் சொல்றேன்பா" என்றேன். அன்றைக்குத்தான் தோணிப் பயணம். அவரை ஒரு தடவை பார்த்து, அவர் மனதிலும் நான் இருக்கிறேன் என்று தெரிந்துவிட்டால் அப்பாவிடம் வாயைத் திறந்துவிடுவது என்று இருந்தேன்.

எங்கள் பஸ் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. திண்டிவனத்துக்காரர்கள் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தார்கள். உப்பு மூட்டை ஏற்றும் தட்டைத் தோணிகள் மூன்று. வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றிய மூன்று பேர் முழங்கால் தண்ணீரில் மூங்கிலோடு நின்றார்கள். "செருப்பக் கழட்டிடலாமாம்மா?" என்று நான் சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டேன். கரையில் நான் பேசியது அவ்வளவுதான். கடைசியில் நின்ற தோணிக்காரர் தன் தோணியை எங்கள் பக்கம் திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்கள் மற்ற இரண்டில் ஏறிக்கொள்ள, நானும் சூப்பர்வைசர் அம்மாவும் இதில் ஏறி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தோம். அவர் பின்னால் நின்று மூங்கிலை ஊன்றித் தள்ளினார்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையோரத்துப் புங்க மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன. மூங்கில் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. முன்னால் போன தோணியில் மட்டும் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். என் காது அங்கேதான் இருந்தது. போனில் கேட்கும் குரலும் வெட்டவெளியில் கேட்கும் குரலும் வேறு வேறு. இவரா, இல்லையா என்று தடுமாறினேன். மல்லாட்டை மண்டிக்காரர் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கத்திய கதையை அவர் சொன்னார். வியாழக்கிழமை திண்டிவனம் எனக்குச் சொன்ன அதே கதை. சரி, இவர்தான் என்று முடிவு செய்தேன். ஒரே அறையில் வேலை செய்கிறவர்களுக்குக் கதையும் பொதுதான் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

சற்று நேரத்தில் அவர் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார். "எங்க ஊட்டுல விடியக்காலம் எழுந்து கட்டிக் குடுத்தது, அல்லாரும் எடுத்துக்கங்க. சின்னவனுக்குக் காது குத்து வெச்சிருக்கேன், அல்லாரும் வந்துடணும்" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் அம்மாவுக்குத் தெரியாமல் குனிந்து தண்ணீரை அளைந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் தோணி தரை தட்டியது. பின்னால் நின்றவர் இறங்கித் தள்ள, சேறு என் கால்மேல் தெறித்தது. "பாத்துப்பா" என்றேன், திரும்பாமலே. அவர் மெல்லச் சிரித்தார். எங்கேயோ கேட்ட சிரிப்பு மாதிரி இருந்தது. அதற்குமேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. இறங்கும்போதும் தலையைக் குனிந்தபடியே இறங்கினேன்.

சாயங்காலம் அப்பாவிடம் "சரிப்பா" என்றேன். அவர் அப்போதே உட்கார்ந்து எழுதினார். மறுநாள் காலை என்னோடு நடந்து வந்து, போஸ்ட் ஆபீஸ் வாசல் பெட்டியில் கடிதத்தைப் போட்டார். எங்கள் எக்ஸ்சேஞ்சு அதே கட்டடத்தில் மாடியில் இருந்தது.

எட்டு மணிக்குத் திண்டிவனம் வந்தது. "விழுப்புரம், கால்ல சேறு போச்சுங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க தோணியத் தள்ளிக்கினு வந்தது நான்தானேங்க. ஒரு தோணிக்காரன் வரல, மூங்கில நான் வாங்கிக்கினேன். செருப்பக் கழட்டலாமான்னு கேட்டீங்களே, அந்தக் கொரலு போதாதா? பக்கத்துல உங்க சூப்பர்வைசர் அம்மா இருந்தாங்க, நானா எப்படிப் பேசறது? நீங்க திரும்புவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

 எப்படியோ கேட்டுவிட்டேன். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"யார் சொன்னது? எங்கம்மா பொண்ணு பாத்துக்கினுதான் இருக்காங்க. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

தபால் பெட்டியைத் திறக்கப் பத்து மணி ஆகும். கீழே போய்ப் போஸ்ட் மாஸ்டரிடம் கடிதத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு மணி நேரம் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் "சரி" என்றவள் காலையில் "வேண்டாம்" என்றால் அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்தே உட்கார்ந்திருந்தேன். பயந்தாங்கொள்ளி. பத்து மணிக்குக் கீழே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. "எனக்கு நிச்சயம் ஆகப்போவுதுங்க" என்று லைனில் சொன்னேன்.  "நல்லா இருங்க, விழுப்புரம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து காலை ஷிப்டில் வேறு ஆள் பேசினார்.

என் கணவர் நல்லவர். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவரும் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. இப்போது சென்னையில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் திண்டிவனத்தில் நிற்கிறது. வயதானவர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். முகத்தைப் பார்த்து எனக்கு என்ன தெரியப்போகிறது? கண்ணை மூடிக்கொண்டு, யாராவது பேச மாட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.