கிள்ளான் வரை நடப்பதாகச் சொன்னேன்

என் சிறுநீரகத்தை மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மனைவிக்குக் கொடுக்கலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவன் நான். இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களுக்கே சர்க்கரை இருக்கு" என்றார் டாக்டர். இத்தனை வருடம் இனிக்க இனிக்கக் குடித்த டீ தாரிக் அத்தனையும் அந்தத் தாளில் இருந்தது. வெளியே வந்து மனைவியிடம், "சரக்கு பழசாம். எடுத்துக்க மாட்டாங்களாம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

வாரத்தில் மூன்று நாள் அவளைக் கிள்ளானில் இருக்கும் டயாலிசிஸ் மையத்துக்குக் காரில் கொண்டுபோவது என் வேலை. நன்கொடையில் ஓடும் மையம். அங்கே ஓர் இயந்திரம் கெட்டுப்போய்த் துணி போர்த்திக் கிடந்தது. அதன் பக்கத்து நாற்காலி காலி. இடம் கேட்டு வருகிறவர்கள் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஒருநாள் பள்ளி நண்பர்களின் வாட்சப் குழுவில் வாயை விட்டேன்: பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் வரை நடக்கிறேன், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மையத்துக்குப் போடுங்கள். யாரும் நம்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதினேன். மறுநாள் பார்த்தால் ஆளாளுக்குத் தொகை சொல்லியிருந்தார்கள். "கார் பார்க்லேருந்து கடைக்கே நடக்காத ஆளு. நம்ம காசு சேஃப் லா" என்று ஒருவன் குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

மனைவி ஒன்றுதான் சொன்னாள். "சர்க்கரைக் காலுங்க. கொப்புளம் வந்தா நின்னுடணும்."

"கொப்புளத்துக்குத் தனியா காசு கேப்பேன்."

"நான் சிரிக்கல."

லோரிக்காரர்கள் கண்ணில் பட வேண்டும் என்று பளிச்சென்ற மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு விடியலில் கிளம்பினேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் அப்போதுதான் மாலை கட்டத் தொடங்கியிருந்தார்கள். பெட்டாலிங் ஜெயா தாண்டும் வரை நான் வீரன். அதற்கப்புறம் ஏப்பம் வந்தாலும் மாரடைப்பு என்று நின்றேன். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். கண்டெடுப்பவருக்குச் சிரமம் இருக்கக்கூடாது அல்லவா.

பாதி வழியில் இருக்கும் பத்து தீகா பக்கம், சாலையோரக் குடையின் கீழ் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த அக்கா என் சட்டையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"எந்தக் கோயிலுக்குண்ணே?"

"கிள்ளானுக்கு நடக்கிறேன்க்கா."

"வேண்டுதல்னு சொல்லிட்டு சப்பாத்து போட்டு நடக்கிறீங்களே. கழட்டுங்க."

"வேண்டுதல் இல்லக்கா. கிட்னி சென்டருக்குக் காசு சேக்கிறேன்."

"யாருக்கு முடியல?"

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று எதுவும் வரவில்லை. "வீட்டுக்காரிக்கு" என்றேன். குழுவில்கூட அதை எழுதியிருக்கவில்லை.

"அப்ப வேண்டுதல்தான்" என்று சொல்லி, ஐஸ் தண்ணீரை ஊற்றி நீட்டினார்.

அவர் மனம் கோணக்கூடாது என்று ஸ்டூலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். வலது காலுறை பாதி சிவப்பாக நனைந்திருந்தது. வலி துளியும் இல்லை. சர்க்கரை என் பாதத்துக்கு வலியைக்கூட மிச்சம் வைக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. உடனே, ஒற்றைக்காலுடன் வீட்டுப் படி ஏறுகிற என்னைப் பார்த்துவிட்டேன். மனைவிக்குப் போன் செய்தேன்.

சிகிச்சை இல்லாத நாட்களில் அவளே கார் ஓட்டுவாள். வந்தவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துச் சுத்தம் செய்து கட்டுப் போட்டாள். அக்கா எங்களைப் பார்க்காத மாதிரி எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதித் தூரத்துக்குத்தான் காசு வரும்" என்றேன்.

"வரட்டும்."

"அந்த மெஷினு..."

"உங்க கிட்னிய நான் கேட்டேனா? ஊசி எடுத்துட்டு எந்திரிச்சா எனக்குத் தலை சுத்துது. வண்டி ஓட்ட ஒரு ஆளு வேணும். பிரேக்க மிதிக்க அந்த ஆளுக்குக் காலு வேணும்."

பிறகு என் போனை வாங்கிக் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "அண்ணன்மாரே, இவரு பத்து தீகாவோட நின்னுட்டாரு. நான்தான் நிறுத்தச் சொன்னேன். எனக்குத்தான் டயாலிசிஸ். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. அநேகம் பேர் முழுத்தொகையையும் போட்டார்கள். ஒருவன் மட்டும் பத்து தீகா வரைக்கும் கணக்குப் பார்த்து அனுப்பினான். அவனையும் குறை சொல்ல முடியாது, பேச்சு அதுதான். எல்லாம் சேர்த்தும் இயந்திரத்துக்குப் போதவில்லை. மையம் இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

அன்று வீடு திரும்பும்போது பெட்டாலிங் ஜெயா சிக்னலில் கார் நின்றது. அவளுடைய இடது கையில், ஊசி ஏற்றுவதற்காக அறுவை செய்து இணைத்த இரத்தக்குழாய் கயிறுபோல் தடித்திருக்கும். விரல் வைத்தால் உள்ளே இரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். அது நின்றுவிடக்கூடாது, தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள்தான் பார்ப்பாள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்று நான் விரல் வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"பச்சை விழுந்திருச்சு, கையை எடுங்க" என்றாள்.

"நீ ஓட்டு" என்றேன்.