தம்பி சாப்பிட்டு முடிக்கும்வரை

சான்டா கிளாராவில் நான் தங்கியிருந்தது ஒன்பது நாள். அதில் பெரும்பாலான நாட்கள் மத்தியானச் சாப்பாடு ஒரே கடையில்தான். தம்பி வீட்டிலிருந்து கால் மணி நேரம் நடந்தால், ஒரு லாண்டிரிக்கும் நகம் வெட்டி விடுகிற கடைக்கும் நடுவில், மங்கிப்போன துணித் திரை தொங்குகிற சின்ன ஜப்பானிய நூடுல்ஸ் கடை. தம்பி வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அங்கே உட்கார்ந்து சாப்பிடத்தான் என்னால் முடியவில்லை.

எனக்கு வேலை போயிருந்தது. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் பத்து நிமிஷ வீடியோ காலில் அது முடிந்தது. விசாவில் இருக்கிறவனுக்கு வேலை போனால் அறுபது நாள் கெடு. அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். எடிசனில் வீடு, மனைவி, பத்தாவது படிக்கிற மகள், பாதியில் நிற்கும் அவளுடைய பள்ளி வருடம். இருபத்தைந்தாவது நாள் தம்பிக்கு போன் பண்ணினேன்.

அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன். அவனுக்கு கிரீன் கார்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. பெரிய கம்பெனியில் மேனேஜர். "எங்க டீம்லயே ஓப்பனிங் இருக்குண்ணா. நான் ரெஃபர் பண்றேன். நீ இங்க வந்துரு, நாலு பேரை நேர்ல பார்த்துப் பேசலாம்," என்றான். அப்பா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான் என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. இதைக்கூடச் செய்யாமல் இருப்பானா என்று பிளேன் ஏறினேன்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே அந்த வீட்டின் நிலவரம் தெரிந்துவிட்டது. தம்பி மனைவி சப்பாத்தியைத் தட்டில் வைத்தாள். போட்டாள் என்பதுதான் சரி. "ரிட்டர்ன் டிக்கெட் எப்பங்க மாமா?" என்றாள். "வேலை முடிஞ்சதும்," என்றேன். "வேலை முடிஞ்சதுனாலதானுங்க வந்தீங்க," என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். தம்பி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் மகளுக்கு எட்டு வயது. நான் கொண்டுபோன கடலை மிட்டாயைத் தொடாமல், "ஹவ் லாங் இஸ் பெரியப்பா ஸ்டேயிங்?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். 

அவளை அவனுக்குப் பார்த்துக் கட்டிவைத்தவன் நான். ஜாதகம் வாங்கியது, கோபியில் மண்டபம் பிடித்தது எல்லாம் நான். அந்த நன்றிகூட இல்லையே என்று அந்தச் சப்பாத்தியை மென்றேன்.

மறுநாளிலிருந்து பதினொரு மணிக்கெல்லாம் "ஒருத்தரைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிடுவேன். பார்ப்பதற்கு ஒருவரும் கிடையாது. அப்படித்தான் அந்தக் கடை அகப்பட்டது.

உள்ளே ஒரு நீள மேடை, அதை ஒட்டி பத்து ஸ்டூல். அவ்வளவுதான். சுவரில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: போன் பேசக் கூடாது, ஒரு கிண்ணத்தை இரண்டு பேர் பகிரக் கூடாது, சாப்பிட்டால் எழுந்துவிட வேண்டும். கடைக்காரிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வாங்க என்ற சொல்லோ சிரிப்போ அவளிடம் இல்லை. பன்றி வேண்டாம் என்றேன். "நம்பர் ஃபோர். சிக்கன்," என்றாள். கொஞ்சம் மிளகாய் கிடைக்குமா என்றேன். "டேஸ்ட் ஃபர்ஸ்ட்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். முள்கரண்டி கேட்டேன். தேடியெடுத்துக் கொண்டுவந்து, கிண்ணத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

மெனுவில் இருந்ததிலேயே மலிவானது அதுதான். ஆனால் கோழிச் சாறு நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவே எரிச்சலாக இருந்தது. மேலே எண்ணெய்ப் பொட்டுகள், பாதி வெந்த முட்டை, பொடியாக அரிந்த வெங்காயத்தாள், மூங்கில் குருத்து. நூடுல்ஸ் பல்லுக்கு அகப்பட்டு வழுக்கி ஓடியது. மிளகாய் தேவைப்படவில்லை. அவளிடம் சொல்லவில்லை. போனை எடுத்து மெயில் பார்த்தால், "ஈட் நவ். நூடுல் கெட் ஃபேட்," என்று மேடையைத் தட்டினாள். மூன்றாம் நாளிலிருந்து முள்கரண்டி வரவில்லை, குச்சிகள்தான் வந்தன. நானும் வீம்புக்குக் கேட்கவில்லை. குச்சியிலிருந்து வழுக்கி விழுந்ததெல்லாம் சட்டையில் தெறித்தது. எனக்கு அவளையும் அவளுக்கு என்னையும் முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பில் ஒரு நாணயம் இருந்தது. தம்பி வீட்டு மேஜையில் அதுகூட இல்லை.

ராத்திரியில் தம்பியிடம் கேட்பேன். "ரெஃபர் பண்ணிட்டேண்ணா. ஹெச்ஆர் ஸ்லோவா இருக்காங்க," என்பான். மறுநாளும் அதேதான். நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது. பொறுக்காமல், அந்த வேலை விளம்பரத்தில் பெயர் இருந்த, கம்பெனிக்கு ஆள் எடுக்கிற ரெக்ரூட்டருக்கு நானே ஒரு மெயில் போட்டேன்.

ஏழாவது நாள் மத்தியானம் பாதிக் கிண்ணத்தில் போன் அதிர்ந்தது. ரெக்ரூட்டர். சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே ஓடினேன். இனிமையாகப் பேசினாள். என் ரெஸ்யூமே நன்றாக இருக்கிறது, ஆனால் இன்டர்வியூவுக்கு ஆட்களைப் போன வெள்ளிக்கிழமையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்றாள். என் தம்பி ரெஃபர் பண்ணியிருக்கிறானே என்றேன். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "உங்கள் பெயரில் ரெஃபரல் எதுவுமே இல்லையே. இருந்திருந்தால் முதலில் உங்களைத்தான் கூப்பிட்டிருப்போம்," என்றாள்.

திரும்பி உள்ளே போனால் என் ஸ்டூலில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். கிண்ணம் இல்லை.

"என் சாப்பாடு எங்கே?" என்றேன்.

"யூ லெஃப்ட். ஃபினிஷ்ட்," என்றாள்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. தமிழில் கத்தினேன். ஊரில் பஸ் ஸ்டாண்டில்கூட ஒரு பொம்பளையைப் பார்த்து நான் சொல்லியிராத வார்த்தைகள் வந்தன. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் அசையவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, அவள் பாஷையில் நிதானமாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அர்த்தம் தெரியாமலே எனக்கு முகம் சுட்டது. வெளியே வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவன் ஆபீஸ் போன பிறகு, "மத்தியானம் வா. தனியாப் பேசணும்," என்று கடையின் விலாசத்தை அனுப்பினேன். வீட்டில் பேச முடியாது. எனக்குத் தெரிந்த வேறு இடமும் அந்த ஊரில் இல்லை. கடைக்காரி என்னை உள்ளே விடமாட்டாள் என்று நினைத்தேன். என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கழிவறைக் கதவை ஒட்டியிருந்த இரண்டு ஸ்டூல்களை விரலால் காட்டினாள்.

கிண்ணங்கள் வந்ததும் கேட்டேன். "ரெஃபர் பண்ணினியாடா?"

பொய் சொல்வான், அதை வைத்துப் பிடித்து உலுக்கலாம் என்று இருந்தேன்.

"பண்ணல," என்றான்.

"ஏன்டா?"

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

"இப்பச் சொல்லு."

குச்சிகளை உரசிச் சிராய் நீக்கினான். என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாதுண்ணா. வாழ்க்கைல ஒரு தடவையாச்சும் எனக்குப் பக்கத்துல வாய மூடிட்டு உக்காரு."

அவன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன். அவன் சாப்பிட்டான். அவசரமில்லை. குச்சிகளில் நூடுல்ஸைத் தூக்கி, சத்தத்தோடு உறிஞ்சி, நடுநடுவே சாறை அகப்பைக் கரண்டியில் மொண்டு குடித்தான். முட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தான். சின்ன வயதிலும் அப்படித்தான், நான் எடுத்துக்கொண்டுவிடுவேன். பக்கவாட்டில் அவன் முடி நரைத்திருந்தது. இவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு முன்னால் என் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.

காகிதத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "கோயம்புத்தூர்ல அவ வீட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போனியே."

யார் என்று கேட்கத் தேவையில்லை. அவன் இங்கே எம்எஸ் படிக்க வந்திருந்தபோது, ஊரில் காலேஜில் கூடப் படித்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். நம் ஆட்கள் இல்லை. அம்மா அழுதாள். நான் அந்த வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா எழுந்து நின்று வரவேற்று, காபி கொடுத்தார். நான் அதைத் தொடவில்லை. தொடவில்லை என்று அவர் பார்க்கும்படி தள்ளி வைத்தேன். "உங்க பொண்ணை அடக்கி வைங்க, இல்லைன்னா நாங்க அடக்க வேண்டி வரும்," என்றேன். மூன்று மாதத்தில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. தம்பியிடம் போனில், "அந்தப் பொண்ணே வேண்டாம்னுருச்சுடா," என்று சொன்னேன். குடும்பத்துக்காகச் செய்தேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அதற்கப்புறம் நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

"போன வருஷம் ஃப்ரீமான்ட்ல ஒரு பர்த்டே பார்ட்டில அவளைப் பார்த்தேன்," என்றான். "புருஷனோட வந்திருந்தா. நீ அவங்கப்பாகிட்டப் பேசினதை ஒரு வார்த்தை விடாமச் சொன்னா. காபியையும் சொன்னா."

"அதுக்கு என்னை நேராக் கேட்டிருக்கணும்."

"கேக்கத்தான் வரச் சொன்னேன். ஏர்போர்ட்ல உன்னைப் பார்த்தேன். என்னை என்னமோ ஆபீஸ் பியூன் மாதிரி பெட்டியத் தூக்கச் சொன்னே. கேக்கத் தோணல. தம்பி பண்ணிருவான், பண்ணிருவான்னு நீ நம்பிட்டு உக்காந்திருக்கிறதைக் கொஞ்ச நாள் பார்க்கணும்னு தோணுச்சு. அண்ணன் பேசி முடிச்சுருவான்னு நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்."

"என் புள்ள ஸ்கூல் படிக்கிறாடா. அவ உனக்கு என்ன பண்ணினா?"

அப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்த்தான். "அவளும் எதுவும் பண்ணலண்ணா, உனக்கு," என்றான். கோயம்புத்தூர்க்காரியைச் சொல்கிறான் என்று புரிய ஒரு கணம் ஆனது.

மேடையை ஓங்கி அடித்தேன். சாறு சிந்தியது. கடைக்காரி வந்து நின்றாள். "நோ ஃபைட்டிங். ஈட் ஆர் கோ." தம்பி எழுந்து அவள் பாஷையில் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லித் தலை குனிந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

நானும் எழுந்தேன். அவள் என் கிண்ணத்தைக் காட்டினாள். "யூ. ஈட்."

ஏன் உட்கார்ந்தேன் என்று இப்போதும் தெரியாது. நூடுல்ஸ் ஊதிப் பெருத்து, சாறையெல்லாம் உறிஞ்சி, களி மாதிரி ஆகியிருந்தது. குச்சியில் நிற்காமல் பிய்ந்து பிய்ந்து விழுந்தது. அவள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள்மேல் இருந்த ஆத்திரத்திலேயே கடைசி இழைவரை தின்றேன். முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலைக்கு டிக்கெட்டை மாற்றினேன். தம்பி விடிவதற்குள் ஆபீஸ் போய்விட்டிருந்தான். ஏர்போர்ட்டுக்கு அவன் மனைவிதான் கொண்டுபோய் விட்டாள். ஃப்ரீவேயில் பாதி தூரம் போயிருந்தோம்.

"அவரு ரெஃபர் பண்ணாததுக்கு நான் காரணம்னு நினைச்சுக்காதீங்க மாமா," என்றாள் திடீரென்று. "பண்ணுங்க, பண்ணுங்கன்னு தினமும் சொன்னேன். உங்களுக்கு வேலை கிடைச்சாத்தானே எங்க வீட்ட விட்டுப் போவீங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணைப் பத்தி எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் எங்கப்பாகிட்ட வந்து, பையன் தங்கம்னு சொன்னீங்க. ரெண்டு பேர் வீட்டுலயும் பேசினது நீங்கதானுங்க. எங்க வீட்டுல மட்டும் காபி குடிச்சீங்க."

ஏர்போர்ட் வாசலில் டிக்கியைத் திறந்துவிட்டாள், கீழே இறங்கவில்லை. நான் பெட்டியை எடுத்து மூடியதும் கார் நகர்ந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று பிளேனில் ஐந்து மணி நேரமும் அவர்கள் இருவரையும் மனத்துக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது டல்லாஸ் பக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் கிடைத்தது. பழைய சம்பளத்துக்குக் கீழேதான், ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். மகள் பள்ளியை விட்டு வரமாட்டேன் என்று இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். வேலை விஷயத்தைக் கேட்டபோது தம்பியைத் திட்டினாள். காபி விஷயம் வந்ததும் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு, "அந்தப் பெரியவர் என்ன பண்ணினார், நீங்க கிளம்பறப்ப?" என்று கேட்டாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார் என்றேன். அவள் துணியை மடித்து முடித்தாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.