ஊருக்கு ஒரு அட்டை

ஜெயசுதா அக்காவுக்கு முழங்கால் வலி. எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கீழே இருக்கிற வார்டுக்கும் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் அறைக்கும் நாள் முழுக்க ஏறி இறங்க அவரைத்தான் போட்டார்கள். தலைமை நர்ஸ், நிதானமானவர், யார் மேலும் எரிந்து விழமாட்டார். இப்படி ஒருத்தர் கிடைத்தால் நிர்வாகம் விடுமா? காகிதமே இல்லாத ஆஸ்பத்திரி ஆக்கப்போகிறோம் என்று அறக்கட்டளைக்காரர்கள் விழா வைத்து, மாலை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஆக்க வேண்டிய வேலை அக்கா தலையில் விழுந்தது.

நான் அங்கே மருந்து கொடுக்கிறவன், நாகேந்திரன். இந்த வயதில் எனக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் இருக்கிறோம். காற்று கொஞ்சம் வேகமெடுத்தால் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் நெட் போகும். இரண்டும் இருக்கிற நேரத்தில் டாக்டருக்கு பாஸ்வேர்டு மறந்துபோகும். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறுவார்.

"தெரியாட்டி கட்டத்தை வெறுமனே விடுங்க. பொய் மட்டும் ஏத்திராதீங்க." இதை அவர் சொல்லாத நாள் இல்லை. சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போயிருந்தது.

மூட்டையில் கிடந்த நோயாளிகளின் பழைய சீட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த வாரத்தில்தான் பஞ்சம்மாள் வந்தார். திருப்புல்லாணிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஐம்பதைத் தாண்டியவர், மிளகாய்க் காட்டில் கூலி வேலை. புருஷன் செத்து வெகுகாலம் ஆகிறது. கர்ப்பப்பை இறங்கி, குனியவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டே மிளகாய் பறித்திருக்கிறார். இனித் தாங்காது என்றான பிறகுதான் வாயைத் திறந்தார். உடனே ஆபரேஷன் என்று முடிவானது.

மயக்கம் கொடுக்கிற டாக்டர் மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருகிறவர். திரையில் பஞ்சம்மாளின் ஆஸ்பத்திரி அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சர்க்கரை, மாரடைப்பு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இரண்டு முறை பாம்புக்கடி. போதாததற்கு, ஆண்களுக்கு மட்டுமே வரக்கூடிய சுரப்பி வீக்கம் வேறு.

"டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டோம் சார், நல்லாத்தான் இருக்காங்க," என்றார் அக்கா.

"இருக்கட்டும். இந்த ஃபைலை வச்சுக்கிட்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. அடுத்த வாரத்துக்குள்ள சரிபண்ணி வைங்க."

பஞ்சம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி பஸ்ஸுக்கு நடந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

என்ன நடந்தது என்பதை ஊகிக்க எங்களுக்கு நேரம் ஆகவில்லை. அந்த ஊரில் ஆடு மாடு பார்த்துவிட்டு, காட்டு வேலையையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள். முதல் பஸ்ஸில் பஞ்சம்மாள் மட்டும் வந்து எல்லோருக்கும் சீட்டு எடுத்து வைத்திருப்பார். புது அட்டைக்கான வரிசை தெரு வரை நிற்கும். பழைய அட்டை இருந்தால் உடனே சீட்டு. ஆகவே ஊர் முழுவதற்கும் பஞ்சம்மாள் அட்டை. டாக்டர் ஆளைப் பார்ப்பாரே தவிர, சீட்டில் யார் பேர் என்றா பார்ப்பார்? மூட்டையில் கிடந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. கம்ப்யூட்டர் வந்து ஊர் வியாதி மொத்தத்தையும் ஒரு பொம்பளை தலையில் கட்டிவிட்டது.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டோம். ஒவ்வொரு பதிவையும் உரிய ஆள் பேருக்கு மாற்ற வேண்டுமாம். ஒன்று ஆளில்லாமல் நின்றாலும் ஃபைல் பூட்டிக்கொண்டே இருக்குமாம்.

அக்கா பெருமூச்சு விட்டார். "ஞாயித்துக்கிழமை வண்டி எடு நாகேந்திரா. ஊருக்கே போயிருவோம்."

நாடக மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அக்கா காலை நீட்டி உட்கார்ந்தார். ஊரே கூடியது. காணாமல் போன ஆட்டுக்கு ஆள் தேடுகிற மாதிரி ஒவ்வொரு வியாதியாகக் கேட்டார்.

"மாரடைப்பு யாருக்கு?"

முத்தழகு கையைத் தூக்கினார். உலகம்மாள், "பாம்புக்கடி ரெண்டும் எனக்குத்தான் நர்சம்மா," என்றார் பெருமையாக. சுரப்பி வீக்கத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை. கடைசியில் கூத்தையாவை அவர் பெண்டாட்டியே முன்னால் தள்ளிவிட்டார். "எந்திரிச்சு எந்திரிச்சுப் போறது ஊருக்கே தெரியும், இதுல என்ன வெக்கம்?" பஞ்சம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடைசிப் பதிவு வந்தபோது அக்கா வாய் திறக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, கரு கலைந்து ரத்தப்போக்கு, வார்டில் படுக்கவைத்துச் சுத்தம் செய்தது. கூட்டத்தில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா கூட்டத்தை அனுப்பிவிட்டு, பஞ்சம்மாளைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகப் படித்துக் காட்டினார். பஞ்சம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அது எனக்குத்தேன் தாயி."

"பஞ்சம்மாக்கா, உங்க வயசு என்ன, வீட்டுக்காரர் போயி எத்தனை காலம்? பேரு வெளியே போகாது. என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"நீ எழுதிட்டா அந்தப் பெட்டி கேக்குறவுக எல்லாத்துக்கும் சொல்லுமில்ல. எம் பேருலயே கெடக்கட்டும்."

"உங்களுதுன்னு ஏத்திட்டா பெறகு அழிக்க முடியாதுக்கா. சாகுற வரைக்கும் எந்த டாக்டர் திறந்தாலும் இது நிக்கும்."

"நிக்கட்டும். என்னய யாரு பொண்ணு பாக்க வரப்போறாக?"

அக்கா விரலை விசைமேல் வைத்தார், தட்டவில்லை. பொய் ஏற்றாதே என்று எங்களுக்கெல்லாம் தொண்டை வற்றச் சொன்னவர். பிறகு தட்டினார். பூட்டுத் திறந்தது.

சனிக்கிழமை. பச்சை உடுப்போடு பஞ்சம்மாள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். மயக்க டாக்டர் ஃபைலைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் நின்றார். வயதைப் பார்த்தார், கணவர் இல்லை என்ற இடத்தையும் பார்த்தார்.

"இந்த அபார்ஷன் உங்களுக்கா?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். ஓரத்தில் நின்ற பயிற்சி நர்ஸ் ஒருத்தி வாய்க்குள் சிரித்தாள்.

பஞ்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாய்யா. எனக்குத்தேன்."

அக்கா யார் மேலும் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "படிச்சாச்சில்ல சார். கையெழுத்துப் போடுங்க," என்றார். பிறகு யாரையும் தள்ளவிடாமல், முழங்கால் வலியோடு, ஸ்ட்ரெச்சரை அவரே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.