சனிக்கிழமைத் தண்ணீர்

ஏரியூருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கும் சென்னப்பனுக்குப் போன மாசியில் ஐம்பத்தேழு வயது முடிந்தது. அந்த மாசி வரை அவர் யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதாக ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. பெங்களூரில் கட்டட வேலை பார்த்த பன்னிரண்டு வருடமும் மேஸ்திரி கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் வேலைக்குப் போனவர். உள்ளாட்சித் தேர்தலில் பங்காளிகள் இரண்டு பேர் எதிரெதிராக நின்றபோது, காலையில் ஒருவருக்கும் மாலையில் மற்றவருக்குமாக ஓட்டுக் கேட்டு, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியவர். “கேட்டா கோவணத்தையும் அவுத்துக் குடுத்துட்டு வர்ற ஆளு” என்பது அவர் மனைவி தீர்த்தம்மாளின் தீர்ப்பு.

சோலார் மோட்டார் அவர் தோட்டத்துக்கு வந்ததும் அப்படித்தான். வெளியூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, சூரிய ஒளியில் ஓடும் மோட்டார் ஏட்டுக் கணக்குப்படி எவ்வளவு தண்ணீர் தரவேண்டும், நிஜத்தில் எவ்வளவு தருகிறது என்று பார்க்க ஆள் தேடியது. மோட்டார் இலவசம். பதிலுக்கு இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் அவர்கள் அழைத்து வரும் விவசாயிகளுக்கும் மாணவர்களுக்கும் அதை ஓட்டிக் காட்டவேண்டும். மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாக நழுவிவிட்டார்கள். மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாடகை டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சென்னப்பன் தலையாட்டிவிட்டார்.

ஐப்பசியில் சோலார் தகடுகள் பொருத்தினார்கள். குழாயில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். ஓடுகிற தண்ணீரை அளந்து நேராக அலுவலகத்துக்கு அனுப்பிவிடுமாம். அதைப் பார்த்துக்கொள்ள அரூர்ப் பக்கத்துப் பெண் யுவராணி நியமிக்கப்பட்டிருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் கரைத்துவிடுவாள். குடும்பத்தில் எத்தனை பேர், முன்பு டீசல் எவ்வளவு பிடித்தது, மோட்டாரில் திருப்தியா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை மதிப்பெண். சென்னப்பன் ஒவ்வொரு வாரமும் ஐந்து என்றே சொன்னார்.

“யோசிச்சுச் சொல்லுங்கய்யா.”

“இதுல யோசிக்க என்னாங்க மேடம் இருக்குது? ஆறு இருந்தா ஆறு போட்டுக்குங்க.”

மார்கழியில் கூட்டம் கூடியது. வேன் வேனாக வந்து தகடுகளைச் சுற்றி நின்று, “இந்த ஆளுக்கு வந்த வாழ்வப் பாரு” என்று பேசிக்கொண்டார்கள். தீர்த்தம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. ஊரார் கண் கல்லையும் பிளக்கும் என்று, வைக்கோலில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை கட்டினாள். சுண்ணாம்புப் பொட்டு வைத்த சட்டியைத் தலையாகக் கவிழ்த்து, சென்னப்பனின் பழைய நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டி, கை இரண்டையும் விரித்து, தகடுகளுக்குத் தெற்கே முன்வரிசைக் காலோடு சேர்த்துக் கட்டி நிறுத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை வந்த மாணவர்கள் தகட்டை விட்டுவிட்டு அந்தப் பொம்மையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நாகமரையிலிருந்து வந்திருந்த பச்சியப்பன், “என்னா சென்னப்பா, உன் அண்ணனா? உன்னவிட லட்சணமா இருக்கறான்” என்றதும் மொத்தக் கூட்டமும் சிரித்தது. சென்னப்பன் காது வரை சிவந்துபோனார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் பொம்மையைப் பிடுங்கிப் புழுக் கொட்டகைக்குப் பின்னால் படுக்கவைப்பார். வேன் கிளம்பிப் புழுதி அடங்குமுன் தீர்த்தம்மாள் அதைத் தூக்கி வந்து பழைய இடத்தில் கட்டிவிடுவாள்.

தை பிறந்தபோது தண்ணீர் குறைவது கண்ணில் பட்டது.

முதலில் கடைசிப் பாத்திகள் காய்ந்தன. பிறகு நடுப்பாத்திகளில் தழை தடித்துத் தோல்போல ஆனது. மாசித் தொடக்கத்தில் புதிய புழு இறக்கியாயிற்று. தோலுரிக்க அது நாலு தரம் தீனியை நிறுத்தித் தூங்கும். நாலாவது தூக்கம் எழுந்த பிறகுதான் புழு அசுரத் தீனி தின்னும். அந்த ஒரு வாரம் தழை குறைந்தால் கூடு கட்டாது. கட்டினாலும் கடலைத் தொலி மாதிரி இருக்கும். தர்மபுரிச் சந்தையில் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். சென்னப்பன் யுவராணிக்குப் போன் போட்டார்.

அவள் சனிக்கிழமை ஆட்களோடு வந்தாள். மோட்டார் பீய்ச்சி அடித்தது.

“நல்லாத்தானே வருதுங்கய்யா?”

“இப்ப வருதுங்க. நீங்க போனா வராது.”

தகடுகளைக் கழுவினார்கள். பெட்டியை மாற்றினார்கள். கிணற்று நீர்மட்டம் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே கூத்து. டாக்டரைப் பார்த்ததும் நொண்டாமல் நடக்கிற மாடு போல, அவர்கள் எதிரில் மட்டும் மோட்டார் சமர்த்தாக ஓடியது. போன பிறகு மூத்திரம் போல வந்தது. தீர்த்தம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. “வந்து பாத்துட்டுப் போனாத்தான் குறையுது. நான் சொல்றது யாரு காதுல ஏறுது?” என்று பொம்மைக்கு இன்னொரு கட்டு வைக்கோல் திணித்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை யுவராணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “தப்பா நெனைக்காதீங்கய்யா. மத்த நாள்ல தண்ணிய பக்கத்துத் தோட்டத்துக்கு எதுனா திருப்பி விடறீங்களா? யாராச்சும் கேட்டா நீங்க இல்லேன்னு சொல்லமாட்டீங்கன்னு ஊர்ல சொன்னாங்க.”

தழை காய்கிறது, மூன்று தூக்கம் எழுந்த புழு தலையைத் தூக்கித் தூக்கித் தேடுகிறது. இதில் திருட்டுப் பட்டம் வேறு. அன்று கேட்ட மதிப்பெண்ணுக்கும் சென்னப்பன் ஐந்து என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை யுவராணியே கூப்பிட்டாள். “ஐயா, இவ்வளவு நாளா வாரக் கணக்காவே பாத்துட்டோம். இப்ப நாள் நாளாப் பிரிச்சுப் பாத்தா, சனிக்கிழமை மட்டும் சரியா இருக்குது. மீதி நாளெல்லாம் பாதிக்கும் கம்மி. சனிக்கிழமை மட்டும் நீங்க என்ன செய்யறீங்க?”

“என்னா செய்வேன்? வேன்ல வர்றவங்களுக்கெல்லாம் டீ காய்ச்சறேன்! வேற என்னா வேல எனக்கு!” என்று கத்தியவர், கத்திய வாயைப் பாதியில் மூடினார். அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

தோட்டத்துக்குப் போனார். பொம்மை வெயிலில் கை விரித்து நின்றது. அதன் நிழல் கீழ்வரிசைத் தகடுகள் நான்கின்மேல் குறுக்கே கிடந்தது. தகட்டுக்கு ஒரு கைக்குட்டை அளவு நிழல் என்னத்தைச் செய்துவிடும் என்றுதான் இத்தனை நாளும் தாண்டிப் போயிருந்தார். பொம்மையைப் பிடுங்கிக் கீழே போட்டார். கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது. பிறகு சனிக்கிழமைத் தண்ணீர் புதன்கிழமையில் வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த தீர்த்தம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த பொம்மையைப் பார்த்தாள்.

“நெழலு விழுந்துதான் குறைஞ்சிருக்குது. உன்னோட பொம்மை பண்ண வேல!”

“பொம்மை என்னா பண்ணுச்சு? இத்தன நாளா பட்ட கண்ணையெல்லாம் அது வாங்கி வச்சிருந்துது. இன்னிக்கு எல்லாம் கழிஞ்சிருச்சு, தண்ணி வந்திருச்சு.”

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடைசியில் பொம்மை தோட்டத்து வழிக்குப் போவதென்று முடிவாயிற்று. வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டே உள்ளே வரட்டும் என்பது தீர்த்தம்மாளின் நிபந்தனை. எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்பது சென்னப்பனின் சம்மதம்.

யுவராணியிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. சொல்லாவிட்டால் திருட்டுப் பட்டம் நிற்கும். சொன்னால் சிரிப்பாள். மறுநாள் அவள் நேரில் வந்தபோது, கேலிக்குப் பயந்து வாராவாரம் பொம்மையை ஒளித்துவைத்ததை மண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாற்போல் இருந்தது.

“மன்னிச்சுக்குங்கய்யா. உங்களப் போயி அப்படிக் கேட்டுட்டேன். தகடெல்லாம் வரிசையாக் கோத்திருக்குதுங்க, ஒண்ணு மேல நிழல் விழுந்தாலே மொத்தமும் குறைஞ்சிரும்” என்றாள். அடுத்த மூச்சில், “பொம்மை என்ன உயரம்? கை எவ்வளவு நீளம்? எந்தத் தகடு மேல முதல்ல நிழல் விழுந்துது?” என்று ஆரம்பித்தாள். கொட்டகையில் நாலாவது தூக்கம் எழுந்த புழு, போட்ட கொஞ்சம் தழையையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. சென்னப்பன் பொம்மைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் எழுதிக்கொண்டபின் அவள் கேட்டாள்: “ஐயா, ஒரே ஒரு உதவி. பொம்மைய ஒரு வாரம் பழைய எடத்துலயே திரும்ப வையுங்க. நிழலால எவ்வளவு போவுதுன்னு பக்கத்துல இருந்து அளந்துக்கறோம். பங்குனி முத்திட்டா வெயிலு உச்சிக்கு வந்துரும், நிழல் சுருங்கிரும். எத்தனையோ விவசாயிங்களுக்கு உபயோகப்படும்.”

“பாத்தீங்களா, படிச்ச புள்ளயே கேக்குது!” என்று தீர்த்தம்மாள் அதற்குள் பொம்மையை எடுத்துவர வழிப்பக்கம் கிளம்பிவிட்டாள்.

சென்னப்பன் இரண்டு பேரையும் பார்த்தார். கழுத்து வழக்கம்போல ஆடத்தான் போயிற்று. அப்போது கொட்டகைக்குள்ளிருந்து, மெல்லிய தூறல் விழுவது போல, புழுக்கள் தழை தின்னும் சத்தம் கேட்டது.

“முடியாது” என்றார்.

தீர்த்தம்மாள் நடையை நிறுத்தினாள். யுவராணி சரியாகக் கேட்கவில்லையோ என்று, “என்னங்கய்யா?” என்றாள்.

“முடியாதும்மா. இந்த ஒரு வாரந்தான் அதுங்க திங்கும். கூடு கட்டட்டும். வித்துட்டு வர்றேன். அப்பறம் பொம்மைய வையி, என்னைக்கூட நிக்கவையி. இப்ப முடியாது.”

அடுத்தடுத்து மூன்று முறை சொல்லிவிட்டார். சொன்ன கையோடு தழை வெட்டப் போய்விட்டார்.

தழை தேறியது. புழு கூடு கட்டியது. விலை சுமார்தான், ஆனால் தர்மபுரியிலிருந்து அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. சொன்ன வாக்குப்படி, பங்குனி பிறந்ததும் பொம்மை தகடுகளுக்கு முன்னால் மறுபடி நின்றது. கவாத்து வெட்டிய தோட்டத்துக்கு அந்த வாரம் தண்ணீர் அவசரமில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு வேன் ஆட்கள் வந்தார்கள். கைப்பழக்கத்தில் சென்னப்பன் பொம்மையைப் பிடுங்கப் போக, யுவராணி அலறினாள்: “ஐயா, எடுக்காதீங்க! இன்னிக்குப் பாக்க வந்ததே அதைத்தான்!” அவர் தன் பழைய சட்டைக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாரும் படம் எடுத்தார்கள். பிறகு அவள் வழக்கமான தாளை எடுத்தாள். குடும்பத்தில் எத்தனை பேர். டீசல் எவ்வளவு. மோட்டாரில் திருப்தியா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள். பதிலுக்குக் காத்திராமலே அவள் பேனா ஐந்தைப் போடப் போயிற்று.

“மூணு” என்றார் சென்னப்பன்.